ஆயில் பம்பைத் திறந்தால் கூடவே எதை மாற்றலாம், எதை விடலாம்: 2007 மாருதி 800

வேலை முடிந்த பிறகு, சூடான என்ஜினில் ஆயில் பிரஷர் ஐடிலில் 1.3 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு). நிமிஷத்துக்கு 3000 சுற்றில் 3.4. எண்ணூர் வரை ஓட்டிப்போய், திரும்பும்போது திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தும் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கவில்லை. இனி எழுதிவைக்கலாம்.

முக்கியமாக எழுத நினைத்தது, ஆயில் பிரஷர் வேலைக்கு வண்டியைத் திறக்கும்போது பக்கத்துப் பாகங்களை என்ன செய்வது என்பதைத்தான். கடையில் கேட்டால் இரண்டே பதில். ஒன்று, ‘எல்லாத்தையும் போட்டுடுங்க சார்’. இல்லாவிட்டால், ‘போனத மட்டும் மாத்து தம்பி, மத்தது பாத்துக்கலாம்’. முதல் பதிலில் பாதி காசு வீண். இரண்டாவதில் அதே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும். எனக்கு இரண்டாவது நடந்தது.

வண்டி 2007 மாடல். 796 சி.சி., மூன்று சிலிண்டர், 1,10,000 கிலோமீட்டர் தாண்டியது. சென்னையில் 2010 ஏப்ரலில் பி.எஸ்.4 புகை விதி வந்ததோடு 800 விற்பதை நிறுத்திவிட்டார்கள்; 2014 தொடக்கத்தில் உற்பத்தியும் நின்றது. ஆனால் இதே என்ஜின் குடும்பம் ஆம்னியில் 2019 வரை வந்துகொண்டிருந்ததால் ஸ்பேருக்குப் பஞ்சமில்லை. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாயிற்று. விற்றால் கிடைக்கிற காசுக்கு நல்ல பைக் கூட வராது.

தொந்தரவு இப்படித்தான் இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் தெரியாது. கொடுங்கையூரிலிருந்து கிளம்பி அரைமணி நேரம் வெயிலில் ஓடி, சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணையும். ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டில் இருக்கிறது. டப்பெட் சத்தம் கொஞ்சம் கூடியது போலத் தோன்றியது, ஆனால் அது பயத்தில் கேட்ட சத்தமாகவும் இருக்கலாம்.

வியாசர்பாடி மெக்கானிக் அண்ணன் பானெட்டைக்கூட முழுசாகத் தூக்கவில்லை. ‘சுவிட்ச் பூட்ச்சு தம்பி, மாத்திப் பாரு’ என்றார். 170 ரூபாய். மாற்றினேன், விளக்கு அதே இடத்தில் அதேபோல் மினுக்கியது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த விளக்கு கெட்டுப்போன சுவிட்சாலும் எரியும், மலிவானதை முதலில் மாற்றிப் பார்ப்பது நியாயம்தான். அடுத்துப் போன பெரிய கடையில் டெம்பரேச்சர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று எதையும் பார்க்காமலே, ‘பேரிங் போயிருக்கும் சார், என்ஜின இறக்கணும், இருபத்திரெண்டாயிரம் ஆவும்’ என்றார்கள். நான் மணலியில் இன்ஸ்ட்ரூமென்ட் டெக்னீஷியன். அளக்காமல் முடிவெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

எரியும் எரியாது என்பதைத் தவிர விளக்குக்கு ஒன்றும் தெரியாது. பொதுவாக அரை கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் அது எரியவே எரியும். அதற்கு மேலே 0.7 இருக்கிறதா 2 இருக்கிறதா என்று சொல்லாது. ஆகவே முதல் செலவு கேஜ். பாரீஸ் செம்புதாஸ் தெருவில் பைப் ஃபிட்டிங் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிரஷர் சுவிட்சையே கையில் எடுத்துக்கொண்டு போய், அதே மரைக்குப் பொருந்துகிற நிப்பிள் கேட்டேன். எட்டில் ஒரு இன்ச், டேப்பர் மரை. ஹோஸும் அடாப்டரும் சேர்த்து 160. கேஜ் 0 முதல் 7 கிலோ வரை, கிளிசரின் நிரப்பியது, 480. கிளிசரின் இல்லாததை வாங்காதீர்கள்; என்ஜின் அதிர்வில் முள் ஆடுகிற ஆட்டத்தில் ஐடில் ரீடிங்கைப் படிக்கவே முடியாது. டெஃப்லான் டேப் சுற்றும்போது முதல் இரண்டு மரையை வெறுமையாக விட வேண்டும், பிய்ந்த துண்டு ஆயில் வழிக்குள் போய்விடக் கூடாது.

800-இல் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. நண்பரிடம் ஆப்டிகல் டேக்கோமீட்டர் வாங்கி, கிராங்க் (என்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) புல்லியில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு எடுத்த ரீடிங்: ஐடிலில் 0.3, 3000-இல் 1.6. இந்த என்ஜினுக்கு 3000 சுற்றில் 3 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். விளக்கு பொய் சொல்லவில்லை.

ஐடிலில் மட்டும் குறைந்தால் பம்ப் தேய்மானத்தையோ பேரிங்கையோ சந்தேகிக்கலாம். 3000-இலும் பாதிதான் வருகிறது என்றால், பம்ப் இழுக்கிற வழியிலேயே அடைப்பு இருக்கலாம். சம்பைக் (என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றி ஸ்ட்ரெய்னரை (பம்ப் ஆயிலை இழுக்கிற வாயிலுள்ள வலை) பார்ப்பது சுலபம், பம்ப் வரை போவது பெரிய வேலை. எனவே முதலில் சம்ப் மட்டும் என்று முடிவு செய்தேன்.

வண்டியைத் தூக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் சமதளமாகத் தெரிவது மழைநீர் வடிகாலின் மூடி ஒன்றுதான். அதன்மேல் ஸ்டாண்டு வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். ஓட்டை விழுந்த மூடிகளை எங்கள் ஏரியாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் தார் ரோட்டு ஓரத்தில் கனமான பிளைவுட் துண்டுகளைப் போட்டு, அதன்மேல் ஸ்டாண்டு நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

ஆயிலை இறக்கி, கிளட்ச் ஹவுசிங் அடித்தகட்டைக் கழற்றி, சம்ப் போல்ட்டுகளையெல்லாம் எடுத்த பிறகும் சம்ப் வரவில்லை. முன்பு எவரோ கேஸ்கெட்டின் இரண்டு பக்கமும் சிலிகான் பேஸ்டைத் தாராளமாகப் பூசி ஒட்டியிருந்தார்கள். அகலமான பெயின்ட் ஸ்கிரேப்பரை மூலையில் நுழைத்து, மெதுவாகத் தட்டித்தான் பிரிக்க முடிந்தது. ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினால் பிளாக் முகத்தில் கோடு விழும், பிறகு ஆயுசுக்கும் கசிவுதான்.

ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. கருப்புச் சேறு கொஞ்சம். மீதி எல்லாம் அந்த பேஸ்டின் பிசிறுகள். வெளியே பிதுங்குகிற அளவு பேஸ்ட் உள்ளேயும் பிதுங்கும், அது காய்ந்து உதிர்ந்து வலையில் போய் உட்காரும். கசிவை நிறுத்தப் பூசியது ஆயிலையே நிறுத்தப் பார்த்திருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகியிருந்தது. இருபது ரூபாய் சாமான். இது சரியாக அடைக்காவிட்டால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். ஸ்ட்ரெய்னரைத் தொட்டால் இதை மாற்றியே ஆக வேண்டும், இதில் யோசனைக்கே இடமில்லை. சம்பின் அடியில் ஸ்பீட் பிரேக்கர் வைத்த ஒடுக்கு ஒன்று இருந்தது. உள்ளிருந்து தட்டி எடுத்தேன், இல்லாவிட்டால் ஸ்ட்ரெய்னர் வாய்க்கும் தட்டுக்கும் இடைவெளி குறைந்துவிடும். ஓவராக முறுக்கியதில் சம்ப் விளிம்பில் ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் குழி. ஒரு ஆங்கிளின் மேல் வைத்து, குழியைத் திருப்பித் தட்டிச் சமமாக்கினேன். சம்ப் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். மணிக்கட்டு பலம், தோள் பலம் இல்லை.

சம்ப் கேஸ்கெட் 130, ஓ-ரிங் 20, டிரெயின் வாஷர் 10, ஃபில்டர் 120, ஆயில் மூன்று லிட்டர் 1,050. பூட்டி, சூடேற்றி, கேஜைப் பார்த்தால் ஐடிலில் 0.6, 3000-இல் 2.6. விளக்கு அணைந்துவிட்டது. இந்த இடத்தில் நிறைய பேர் வேலை முடிந்தது என்று கேஜைக் கழற்றிவிடுவார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் சித்திரை வெயிலில், ஏ.சி. போட்டு, பேசின் பிரிட்ஜ் பக்கம் டிராபிக்கில் நின்றால் அந்த 0.6 தாங்காது. நின்றபோது தாங்கவும் இல்லை.

ஆக, மறுபடியும் சம்ப். இந்தத் தடவை பம்ப் வரை.

இந்த என்ஜினில் ஆயில் பம்ப் தனியாக எங்கோ தொங்கவில்லை. கிராங்க் முனையிலேயே, டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, டைமிங் கவர், டைமிங் பெல்ட், பெல்ட்டின் கீழ்ப் பல்சக்கரம், சம்ப், ஸ்ட்ரெய்னர் எல்லாம் வந்தாக வேண்டும். இங்கேதான் ‘கூட எதை மாற்றுவது’ என்ற கேள்வி வருகிறது. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: அந்தப் பாகம் நாளை கெட்டால், இன்று பிரித்த இதே வழியைத்தான் மறுபடி பிரிக்க வேண்டுமா? ஆம் என்றால் இன்றே மாற்று. வேறு வழியாகப் போக வேண்டியது என்றால், தேய்மானத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்.

கிராங்க் நடு போல்ட் எனக்கு வரவில்லை. டாப் கியர் போட்டு, பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடித்தும் நகரவில்லை. அண்ணன் ஒரு நீளப் பைப்போடு வந்து, ‘எய்ந்துக்க, நா பாத்துக்கறேன்’ என்று ஒரே இழுப்பில் திறந்தார். அவருக்கு 500. கழற்றும் முன்பே என்ஜினைக் கையால் சுற்றி டைமிங் குறிகளைச் சேர்த்து, போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன்: மேலே கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புல்லிப் புள்ளி உள்கவர் குறிக்கு நேராக, கீழே கிராங்க் பல்சக்கரப் புள்ளி பம்ப் மேலுள்ள அம்புக்குறிக்கு நேராக.

பழைய பம்பின் பின்தகட்டைத் திறந்து ஃபீலர் கேஜ் போட்டேன். வெளி ரோட்டருக்கும் கேஸுக்கும் நடுவே 0.27 மில்லிமீட்டர், லிமிட் 0.31, அதனால் பாஸ். ஆனால் ரோட்டர் முகத்தின் மேல் ஸ்கேல் வைத்துப் பார்த்த பக்க இடைவெளி 0.20. அதற்கு லிமிட் 0.15. பின்தகட்டில் ரோட்டர் சுற்றிய வட்டம் நகத்தில் தட்டுப்பட்டது. சூட்டில் ஆயில் தண்ணியாகும்போது அந்த இடைவெளி வழியாகவே பிரஷர் நழுவியிருக்கிறது. காலையில் சரி, மதியம் மினுக்கல் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

புது பம்ப் 1,650. புதுப்பேட்டையில் பழையது 500-க்குக் கிடைக்கும் என்றார்கள். தேய்ந்ததைக் கழற்றிவிட்டு, எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாத இன்னொன்றைப் போடுவதா? புதியதையும் நம்பிவிடவில்லை. ஹாலோகிராம் ஸ்டிக்கரையே போலியாக அடிக்கிற ஊர் இது. பின்தகட்டைக் கழற்றி அளந்தேன். பக்க இடைவெளி 0.06. திருப்தி. பிரஷர் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் பிஸ்டனும் குச்சியால் அழுத்தினால் வழுக்கிப்போய்த் திரும்பியது. ரோட்டர்களில் ஆயிலை நிரப்பி மூடினேன். காய்ந்த பம்ப் முதல் சுற்றிலேயே ஆயிலை இழுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முன் கிராங்க் சீல், 110. இது பம்ப் கேஸிலேயே உட்காருகிறது, மாற்றாமல் விடுவதில் அர்த்தமே இல்லை. பம்பை கிராங்க் முனையில் ஏற்றும்போது சாவிக்குழியின் விளிம்பு சீலின் உதட்டைக் கிழித்துவிடும். இதற்கென்று கம்பெனி கைடு ஒன்று உண்டு. நான் ஆவின் பால் கவரைக் கழுவி, துடைத்து, குழாய் மாதிரி முனையில் சுற்றி, ஆயில் தடவி ஏற்றினேன். ஏறியதும் கவரை உருவிவிட்டேன். பம்ப் கேஸ்கெட் சம்ப் பக்கம் ஒரு மில்லி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை பிளேடால் பிளாக் முகத்துக்குச் சமமாகச் சீவ வேண்டும். இல்லாவிட்டால் சரியாக அந்த மூலையில் சம்ப் கேஸ்கெட் தூக்கும். பலர் அந்த மூலையில் பேஸ்டைக் கொட்டுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டைமிங் பெல்ட் 520, டென்ஷனர் 460. பெல்ட்டின் உள்பக்கம் ஆயில் ஊறி, பல் அடியில் வெடிப்பு. கசிந்த சீலுக்குக் கீழே ஓடிய பெல்ட்டைத் துடைத்து மறுபடி போடுவது எனக்குப் புரியாத சிக்கனம். கேம் சீல் 90, அதே கவருக்குள்ளேதான், மாற்றினேன். ஃபேன் பெல்ட் 180. வாட்டர் பம்பில்தான் தயங்கினேன். ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதன் கசிவுத் துளைக்குக் கீழே கூலன்ட் காய்ந்த வெள்ளைக் கோடு. அது கசிந்தால் நனைவது புது பெல்ட். மாற்றினேன்: பம்ப் 980, கூலன்ட் 300. அந்தக் கோடு இல்லாமல், ஷாஃப்ட்டும் ஆடாமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

கிராங்க்கேஸ் காற்றை வெளியே விடும் பி.சி.வி. வால்வு பற்றி ஒரு கடையிலும் யாரும் பேசவில்லை. குலுக்கினால் கடகட என்று சத்தம் வர வேண்டும், என்னுடையது ஊமை. கிராங்க்கேஸில் சேரும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அது சீல்கள் வழியே ஆயிலைத் தள்ளும். சீல்களை மாற்றிவிட்டு இதை விட்டால் புது சீலும் சில மாதத்தில் கசியும். 140 ரூபாய், கழற்றிப் பூட்டச் சில நிமிஷம்.

பேரிங் விஷயத்தில் அண்ணனோடு சின்னதாக ஒரு வாக்குவாதம்.

‘அடியத் தொறந்துட்ட, பேரிங்கயும் போட்டுடு தம்பி. ரெண்டாயிரத்துக்குள்ள வரும்.’

‘அளந்து பாத்துட்டுப் போடலாம்ணா.’

அவரிடமே மிச்சமிருந்த பிளாஸ்டிகேஜ் (மெல்லிய மெழுகு இழை) துண்டை வாங்கி, கனெக்டிங் ராடுகளின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே வைத்தேன். மூடியை டார்க் ரெஞ்சால் இறுக்கி, கிராங்க்கை அசைக்காமல் திரும்பக் கழற்றினால், நசுங்கிய மெழுகின் அகலம் இடைவெளியைச் சொல்லிவிடும். மூன்றும் 0.05 பக்கம். லிமிட் 0.08. பேரிங் முகத்தில் செம்பு தெரியவில்லை, கோடும் இல்லை. பழகிப்போன பேரிங்கை எடுத்துவிட்டு, ஜர்னலை (கிராங்க்கில் பேரிங் உட்காரும் பகுதி) மைக்ரோமீட்டரால் அளக்காமல் புதியதைப் போடுவது லாட்டரி. மூடிகளை அதே சிலிண்டர், அதே திசை மாறாமல் பூட்டினேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் டீ வாங்கிக் கொடுத்தார்.

பெல்ட் பூட்டும்போது டென்ஷனர் போல்ட்டைத் தளர்வாக விட்டு, ஸ்பிரிங் இழுக்க, கிராங்க்கை ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிய பிறகுதான் இறுக்க வேண்டும். சுற்றிவிட்டு மறுபடி குறி பார்த்தேன், கேம் ஒரு பல் தள்ளியிருந்தது. திரும்பக் கழற்றிப் போட்டேன். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு கவரை மூடியவர்களுக்கு வண்டி இழுக்காது, காரணமும் தெரியாது.

ஆயில் முந்தைய கட்டத்தில் ஊற்றியதே, சுத்தமான கேனில் பிடித்து வைத்திருந்தேன், அதையே ஊற்றினேன். ஃபில்டர் மட்டும் மறுபடி 120. கேஸ்கெட், ஓ-ரிங் செலவும் மறுபடி. பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் கப்ளரையும் ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, கேஜில் முள் எழும்வரை செல்ஃப் மட்டும் அடித்தேன். முள் ஒரு கிலோவைத் தாண்டியதும் எல்லாம் பூட்டி ஸ்டார்ட்.

மொத்தம்: கேஜும் ஃபிட்டிங்கும் 640, சுவிட்ச் 170, முதல் தடவை சம்ப் வேலை 1,330, இரண்டாம் தடவை பம்ப் கேஸ்கெட் 40 உள்பட 4,740, அண்ணனுக்கு 500. ஆக 7,380. முதலிலேயே பம்ப் வரை போயிருந்தால் கேஸ்கெட், ஓ-ரிங், ஃபில்டர் என்று 270 மிச்சமாகியிருக்கும். அதைவிட, அந்த சம்பை இன்னொரு தடவை மல்லாந்து படுத்துப் பூட்டும் வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் அப்படிச் செய்திருந்தால் ஸ்ட்ரெய்னர் கொடுத்தது எவ்வளவு, பம்ப் கொடுத்தது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்திருக்காது. 3000 சுற்றில் ஒரு கிலோ ஸ்ட்ரெய்னரால், 0.8 பம்பால். ஐடிலில் பெரும்பங்கு பம்பால். உங்கள் கேஜில் 3000-இல் நன்றாக நின்று, சூட்டில் ஐடிலில் மட்டும் இறங்குகிறது என்றால், ஸ்ட்ரெய்னரோடு நிறுத்தாமல் ஒரே மூச்சில் பம்ப் வரை போய்விடுங்கள்.

பழைய ஆயிலை அண்ணன் கடை டிரம்மில் ஊற்றிவிட்டேன். சென்ட்ரிங் பலகைக்குப் பூச ஆள் வந்து எடுத்துப்போகிறார்கள். எங்கள் பக்கத்து கேப்டன் காட்டன் கால்வாய்க்கு ஏற்கெனவே போதுமான அளவு கழிவு போகிறது.

அடுத்த தடவைக்குச் செய்துவைக்க வேண்டியது, கிராங்க் புல்லியைச் சுற்றாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஹோல்டர். ஆங்கிள் துண்டில் வெல்டிங் கடையிலேயே செய்துவிடலாம், பிரேக் மிதிக்க ஆள் தேட வேண்டாம். பின்பக்க கிராங்க் சீலில் லேசான ஈரம் இருக்கிறது, அதைத் தொடவில்லை. அதற்கு கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், அது வேறு வழி. கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று நினைக்கிறேன். அது இறங்கும்போது பின் சீல், ரிலீஸ் பேரிங் இரண்டும் சேர்த்து. சீலை இப்போதே வாங்கி வைக்கவில்லை. ரப்பர் அலமாரியில் இருந்தாலும் கெட்டியாகும்.